வத்தல்மலைக்கும் தீர்த்தமலைக்கும் ரோப்கார்: ஒரே மாதிரி போட முடியுமா?

கேள்வி: "தர்மபுரி பக்கத்தில் வத்தல்மலை ஊர்களுக்கும் அரூர் தீர்த்தமலைக் கோயிலுக்கும் பழனியில் இருப்பதைப் போல ரோப்கார் போட்டால் மலைமேல் இருப்பவர்களுக்கும் உதவும், வெளியூர்க்காரர்களும் வருவார்கள். ஏன் போடக்கூடாது? எவ்வளவு செலவாகும்? காற்றடித்தால் என்ன செய்வார்கள், கயிறு அறுந்தால் என்ன கதி?"

முதலில் நேரடியான பதில். தீர்த்தமலைக்குப் பழனி வகை ரோப்கார் பொருந்தும், போடலாம். வத்தல்மலைக்கு அதே வகை சுத்தமாக உதவாது. அங்கே வேலைக்கு ஆகக்கூடிய வகை வேறு. அதன் செலவைத் தாங்கும் அளவுக்குத் தினமும் ஏறி இறங்கும் கூட்டம் இன்றைக்கு அங்கே இல்லை. கயிறு அறுவது நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பெரிய ஆபத்து இல்லை. காற்று, இடி, பராமரிப்பில் குறுக்குவழி, நடுவழியில் நின்றால் இறக்குவதற்கு ஏற்பாடு இல்லாமை, இந்த நான்கும்தான் பெரிய ஆபத்துகள்.

வகை என்றேனே, எல்லாம் அதில்தான் இருக்கிறது. பழனியில் 2004 முதல் ஓடுவது ஒற்றைக் கயிறு வகை. மேலும் கீழும் ஒவ்வொரு பெரிய சக்கரம், அவற்றைச் சுற்றி முடிவில்லாத ஒரு எஃகுக் கயிறு. பெட்டிகள் அந்தக் கயிற்றிலேயே போல்ட் போட்டு இறுக்கிய பிடிகளில் தொங்குகின்றன. நான்கு பெட்டிகள் கீழே ஆள் ஏற்றும்போது மற்ற நான்கு மேலே ஆள் இறக்கும். பெட்டியைக் கயிற்றிலிருந்து கழற்ற முடியாததால், ஆள் ஏற வேண்டுமென்றால் கயிற்றையே நிறுத்தியாக வேண்டும். தூரம் குறைவாக இருக்கும்வரை இது நல்ல ஏற்பாடு. பாகங்கள் குறைவு, விலை குறைவு, உள்ளூர் மெக்கானிக்குக்குக் கைக்கு எட்டும் வேலை.

தூரம் கூடினால் என்ன ஆகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் நான்கு பெட்டி, பெட்டிக்கு நான்கு பேர், ஒரு தடவைக்கு 16 பேர். வேகம் நொடிக்கு 3 மீட்டர். பாதை 500 மீட்டர் என்றால் ஓட்டத்துக்கு 167 நொடி, வேகம் பிடிக்கவும் குறைக்கவும் கூடுதலாக 30 நொடி, ஏறி இறங்க 75 நொடி. ஆக ஒரு நடைக்கு 272 நொடி. மணிக்கு 13 நடை, ஒரு திசையில் 210 பேர் சொச்சம். இதே அமைப்பை 2.5 கிலோமீட்டருக்கு இழுத்தால் ஓட்டத்துக்கு மட்டும் 833 நொடி ஆகும். மணிக்கு நான்கு நடைகூடத் தேறாது. அறுபது பேர்தான் போக முடியும். இரண்டு மினி பஸ் செய்கிற வேலை இது. இடையில் இன்னும் சில பெட்டிக் கூட்டங்களைச் சேர்க்கலாமே என்றால் சேர்க்கலாம். ஆனால் கீழே ஆள் ஏற்றக் கயிறு நிற்கும் ஒவ்வொரு தடவையும் மற்ற பெட்டிகள் நடுவானில் நின்று நின்று போகும். மலைச்சரிவில் காற்றில் ஆடிக்கொண்டே நிற்பதை ரசிப்பவர்கள் குறைவு.

நீண்ட பாதைக்கு ஏற்றது, ஸ்டேஷனில் பெட்டி கயிற்றை விட்டுக் கழன்றுகொள்ளும் வகை. கயிறு நிற்பதே இல்லை, நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். பெட்டி ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் அதன் பிடி ஒரு வழிகாட்டித் தண்டவாளத்தில் ஏறித் திறந்துகொள்ளும். பெட்டி வரிசையாக உருளும் சிறு ரப்பர் டயர்களின் மேல் நடைவேகத்தைவிட மெதுவாக, நொடிக்கு 30 சென்டிமீட்டர் அளவில் ஊர்ந்து போகும். அந்த நேரத்தில் ஆட்கள் ஏறி இறங்குவார்கள். பிறகு டயர்கள் அதைக் கயிற்றின் வேகத்துக்கு முடுக்கிவிடும், பிடி மறுபடி கயிற்றைக் கவ்வும். பிடியை மூடி வைத்திருப்பது ஸ்பிரிங்கின் விசைதான். மின்சாரம் போனாலும் அது திறக்காது. பெட்டி ஸ்டேஷனை விட்டு வெளியேறும் முன்னே ஒரு அளவுத் தண்டு அந்த ஸ்பிரிங் எவ்வளவு விசையோடு கவ்வியிருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் சோதிக்கும். குறைவாக இருந்தால் லைன் முழுவதும் நின்றுவிடும். பெட்டி வெளியே போகாது. இந்த ஒரு சோதனைதான் இவ்வகையின் உயிர்நாடி. இதை "அடிக்கடி நிறுத்துகிறது" என்று சொல்லி பைபாஸ் போட்டு ஓட்டுகிற நிர்வாகத்தின் ரோப்காரில் ஏறவே கூடாது.

நம் நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் குஜராத்தின் கிர்னார். 2020 அக்டோபரில் திறந்தார்கள். பாதை 2.3 கிலோமீட்டர், எட்டுப் பேர் உட்காரும் 25 பெட்டிகள், ஏழரை நிமிடப் பயணம். செலவு 130 கோடி ரூபாய் அளவில். இன்னொரு பக்கம் சோளிங்கர் நரசிம்மர் மலையைப் பாருங்கள். 1,305 படி, 430 மீட்டர் பாதை, 2024 முதல் ரோப்கார் ஓடுகிறது. அதே ஆண்டில் குளித்தலை அய்யர்மலைக்கும் வந்தது, அங்கே 1,017 படி. இவை இரண்டிலும் ரோப்காருக்கு மட்டும் ஆன செலவு தலா 9 கோடி ரூபாயை ஒட்டியது. 9 கோடிக்கும் 130 கோடிக்கும் உள்ள வித்தியாசம் தூரத்தால் மட்டும் வந்ததில்லை. வகை மாறுவதால் வந்தது அது.

பெட்டி மேலே உருண்டு போகும் தண்டவாளக் கயிறு தனி, அதை இழுக்கும் இழுவைக் கயிறு தனி என்று இரண்டு பெரிய பெட்டிகள் ஊசலாடும் மூன்றாவது வகையும் உண்டு. நடுவில் டவர் நட முடியாத ஆழமான பள்ளத்தாக்குக்கு அது தேவைப்படும். நம் இரண்டு மலைகளுக்கும் வேண்டியதில்லை.

இனி தீர்த்தமலை. அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் நடந்து ஏறத் தயாராகத்தான் வருகிறார்கள். முழங்கால் வலிக்காரர்கள், வயதானவர்கள், கைக்குழந்தையோடு வரும் பெண்கள், இவர்களுக்குத்தான் ரோப்கார் தேவை. ஆகவே மணிக்கு 200 பேர் என்பது சாதாரண நாளைக்குத் தாராளம். மாசி மகத்துக்கும் ஆடிப்பெருக்குக்கும் போதாது. திருவிழாக் கூட்டத்துக்கு ஏற்றபடி ரோப்காரை வடிவமைக்கவும் கூடாது. அப்படிச் செய்தால் ஆண்டில் 350 நாள் காலிப் பெட்டி ஓடும். திருவிழா நாளில் டோக்கன் கொடுத்து, முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னுரிமை என்று வைத்துக்கொள்வதே சரி.

திட்டம் போடுகிறவர்கள் பலரும் கோட்டைவிடும் இடம் இறக்கம். ஏறும் கூட்டம் காலையில் இருந்து பரவலாக வரும். நடை சாத்தும் நேரத்தில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி மேல் ஸ்டேஷனுக்கு வருவார்கள். மேலே நிழல் இல்லாமல், தண்ணீர் இல்லாமல், கழிப்பறை இல்லாமல் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றால் அடுத்த தடவை யாரும் ரோப்கார் பக்கமே போகமாட்டார்கள். இயந்திரத்துக்கும் இதே நேரம்தான் சோதனை. ஏறும் பக்கம் காலியாக, இறங்கும் பக்கம் பாரம் முழுவதும் இருந்தால் மோட்டார் இழுக்க வேண்டியதில்லை, பிடித்து நிறுத்த வேண்டும். புதிய லைனை ஒப்படைக்கும்போது மணல் மூட்டையோ தண்ணீர் கேனோ ஏற்றிச் சோதனை ஓட்டம் விடுவார்கள். அதில் "ஏறும் பக்கம் முழுப் பாரம், இறங்கும் பக்கம் காலி" என்ற ஓட்டம் மட்டும் போதாது. இறங்கும் பக்கம் முழுப் பாரம் வைத்து, முழு வேகத்தில் அவசர பிரேக் அடித்து, கயிறு எத்தனை மீட்டர் ஓடி நிற்கிறது என்று அளக்க வேண்டும். அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதி வைத்தால்தான் பின்னாளில் பிரேக் தேய்கிறதா என்று ஒப்பிட முடியும்.

தீர்த்தமலைக்கே உரிய இன்னொரு சிக்கல், மேலே இருக்கும் தீர்த்தங்கள். ராமர் தீர்த்தம் உட்பட எல்லாம் பாறை இடுக்கில் ஊறி வருகிற தண்ணீர். மேல் ஸ்டேஷனுக்கும் டவருக்கும் பாறையைச் சமன் செய்ய வெடி வைத்தால் இடுக்குகள் நகர்ந்து ஊற்று திசை மாறிவிட வாய்ப்பு உண்டு. மலையின் பெயரே தீர்த்தத்தால் வந்தது, அதை இழந்துவிட்டு ரோப்கார் ஓட்டி என்ன பயன்? வெடி இல்லாமலே வேலை முடியும். கிருஷ்ணகிரி, தர்மபுரி கிரானைட் குவாரிகளில் வைர மணி கோர்த்த வயர் சா போட்டுப் பாறையை வெட்டுவது அன்றாட வேலை. டவர் அடித்தளத்துக்குப் பெரிய குழி தேவையில்லை. நல்ல பாறை கிடைத்தால் துளைபோட்டுக் கம்பி இறக்கி சிமென்ட் கலவையைச் செலுத்தி, இறுகியதும் ஒவ்வொரு கம்பியையும் ஜாக்கி வைத்து இழுத்துப் பார்த்துத்தான் மேலே டவர் நிறுத்த வேண்டும்.

வத்தல்மலைக்கு வருவோம். மலை கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் அளவில் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து செங்குத்து உயரம் 500 மீட்டருக்கு மேல் வரும். நேர்க்கோட்டில் பாதை 2.5 கிலோமீட்டர், ஏற்றம் 550 மீட்டர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். எட்டுப் பேர் பெட்டி, நொடிக்கு 5 மீட்டர், மணிக்கு 500 பேர் ஏற வேண்டும் என்றால் 58 நொடிக்கு ஒரு பெட்டி கிளம்ப வேண்டும். அதாவது கயிற்றில் சுமார் 290 மீட்டருக்கு ஒன்று. போகவர 5,000 மீட்டர் கயிற்றில் 17, 18 பெட்டி. ஸ்டேஷனுக்குள் நிற்பவை, பராமரிப்பில் இருப்பவை சேர்த்து இருபது. பயணம் எட்டரை நிமிடம்.

மின்சாரம் எக்கச்சக்கமாக இழுக்கும் என்று பயப்பட வேண்டாம். மணிக்கு 500 பேர், ஆளுக்கு 70 கிலோ, 550 மீட்டர் உயரம் தூக்க உண்மையில் தேவைப்படுவது 52 கிலோவாட்தான். டவர்களில் கயிற்றைத் தாங்கும் உருளைகளின் உராய்வு, கியர்பாக்ஸ் இழப்பு, பாரத்தோடு நின்ற லைனை மறுபடி கிளப்பும் சக்தி, எல்லாம் சேர்த்து 150 முதல் 200 கிலோவாட் மோட்டார் போடுவார்கள். ஒரு நடுத்தர அரவை மில்லின் இணைப்பு அளவு. மாதச் செலவில் கரண்டு பில்லை மிஞ்சி நிற்பது சம்பளமும் உதிரிப் பாகமும் காப்பீடும் கடன் வட்டியும்தான்.

கணக்கு இடிப்பது இங்கேதான். பொலிவியாவின் லா பாஸ் நகரத்தையும் மேட்டில் இருக்கும் எல் ஆல்டோவையும் இணைத்து 2014-இல் தொடங்கிய கேபிள் கார் வலை இன்று பத்து வழித்தடங்களோடு ஓடுகிறது. சுற்றுலாப் பயணிகளால் அது ஓடவில்லை. மேலே குடியிருந்து கீழே வேலைக்குப் போகும் லட்சக்கணக்கானவர்கள் காலையும் மாலையும் பெட்டியை நிரப்புகிறார்கள். அதனால் கட்டணத்தை பஸ் கட்டணத்துக்குப் பக்கத்தில் வைக்க முடிகிறது. வத்தல்மலையின் சிற்றூர்கள் எல்லாம் சேர்த்தே சில ஆயிரம் பேர். கிர்னாரில் தொடங்கும்போது இருவழிக் கட்டணம் 700 ரூபாய் வைத்தார்கள். பெங்களூரிலிருந்து வாரக்கடைசிக்கு வருபவர் அதைக் கொடுப்பார். தர்மபுரிச் சந்தைக்குக் காபிக்கொட்டையோ மிளகோ கொண்டுபோகும் மலைக்காரர் எப்படிக் கொடுப்பார்? அதுவும் பெண்கள் கட்டணமில்லாமல் பஸ்ஸில் போகிற காலத்தில்?

ஆகவே வத்தல்மலையில் ரோப்கார் போட்டால் அது சுற்றுலா ரோப்கார்தான். அதை "மலைவாழ் மக்களின் போக்குவரத்து" என்று பெயர் வைத்து விற்கக் கூடாது. மக்களுக்கும் உண்மையிலேயே உதவ வேண்டுமென்றால் மூன்றை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். ஊர்க்காரர்களுக்கு அட்டை காட்டினால் பஸ் கட்டணம். தினமும் காலையில் முதலில் கிளம்பும் ஒன்றிரண்டு பெட்டி சரக்குக்கு ஒதுக்கீடு. எட்டுப் பேர் பெட்டியின் கொள்ளளவு 640 கிலோ அளவு, இருக்கையை மடக்கினால் பத்துப் பன்னிரண்டு மூட்டை ஏற்றலாம். மூன்றாவது, ஸ்ட்ரெச்சர் நுழையும் அகலக் கதவு. பழைய காலத்தில் மலைத்தோட்டங்களில் ரோப்வே என்றால் சரக்குக்குத்தான். மூணாறு டாப் ஸ்டேஷனிலிருந்து போடி பக்கம் கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகள் கயிற்றில்தான் இறங்கின. ஆள் ஏறுவது பின்னால் வந்த பழக்கம்.

இவ்வளவும் செய்தாலும் பிரசவ வலி இராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் ரோப்கார் ஓடாது. ஆபரேட்டர், இரண்டு முனையிலும் உதவியாளர், மெக்கானிக் என்று ஆள் வரவழைத்து, காலிப் பெட்டியை ஒரு சுற்று விட்டுப் பார்த்து, பிறகு ஆளை ஏற்றுவதற்குள் 108 ஆம்புலன்ஸ் இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவைத் தாண்டி இறங்கிவிடும். வத்தல்மலைக்கு முதலில் வேண்டியது சாலையின் தடுப்புச் சுவரும், மழைக்குச் சரியும் இடங்களில் வடிகாலும், கூடுதல் பஸ் நடையும். இது என் கருத்து. ரோப்கார் ஆசைப்படுபவர்களுக்குக் கசக்கும்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்களுக்கு: மத்திய அரசு 2022-23 பட்ஜெட்டில் பர்வதமாலா என்ற பெயரில் ரோப்வே திட்டத்தை அறிவித்தது. சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின்கீழ் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் துணை அமைப்பு அதை நடத்துகிறது. கோயில் மலை என்றால் தமிழ்நாட்டில் அறநிலையத்துறை வழி. வத்தல்மலைச் சரிவு காப்புக்காடு என்பதால் 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அனுமதியும், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி கிராம சபையின் சம்மதமும் வேண்டும். ரோப்வே கட்டணத்துக்கான ஜிஎஸ்டி 2022 ஜூலையில் 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. இதற்குமேல் காகித வேலையைப் பற்றி எழுதப் பொறுமை இல்லை.

கயிறு அறுந்தால்? ஒற்றைக் கயிறு வகையில் 40 மில்லிமீட்டர் கயிறு என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு புரி, ஒவ்வொரு புரியிலும் பல கம்பி, நடுவே பிளாஸ்டிக் அல்லது நார்த் தண்டு. மீட்டருக்கு ஆறு கிலோ எடை, அறுக்க 100 டன் அளவு இழுவை வேண்டும். ஓடும்போது அதன் நான்கில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்குதான் அதன்மேல் விழும். அது திடீரென்று அறுவதில்லை. கம்பி கம்பியாகப் போகும், போவதைக் கண்டுபிடிக்க வழியும் இருக்கிறது. வலிமையான காந்தம் பொருத்திய கருவியைக் கயிற்றைச் சுற்றிக் கவ்விவிட்டுக் கயிற்றை மெதுவாக ஓட்டினால் உள்ளே அறுந்த கம்பியும் துருவும் வரைபடத்தில் முள்முள்ளாக எழும். ஐரோப்பிய விதிப்படி, கயிற்று விட்டத்தின் 30 மடங்கு நீளத்துக்குள், அதாவது 40 மில்லிமீட்டர் கயிற்றில் 1.2 மீட்டருக்குள், எஃகின் குறுக்குப் பரப்பில் 10 சதவீதம் போயிருந்தால் அந்த இடத்தை ஓட்டக்கூடாது.

கயிற்றைவிடக் கவனிக்க வேண்டியது அதன் இணைப்பு. வளையமாக்க இரண்டு முனைகளையும் பிரித்து, எதிரெதிர்ப் புரிகளை மாற்றிமாற்றிப் பின்னி, வால்களை நடுத் தண்டை எடுத்துவிட்ட இடத்தில் செருகுவார்கள். முடிச்சு, கிளாம்ப் எதுவும் கிடையாது. பிடிப்பு முழுக்க உராய்வில்தான். அதனால் இணைப்பின் நீளம் விட்டத்தின் 1,200 மடங்கு வேண்டும். 40 மில்லிமீட்டருக்கு 48 மீட்டர். வால் செருகும் இடங்கள் கொஞ்சம் தடித்திருக்கும். அந்தத் தடிப்பு பத்து சதவீதத்தைத் தாண்டினால் உருளையில் ஏறும்போது ஒவ்வொரு தடவையும் இடிக்கும். புதுக் கயிறு முதல் ஆண்டில் நீளும். அதை இழுத்துப் பிடிக்கும் வண்டி தன் ஓட்டத்தின் எல்லையைத் தொட்டதும் ஒரு துண்டு வெட்டி மறுபடி பின்ன வேண்டும். அதை எதிர்பாராத செலவு என்று கணக்கில் எழுதுபவர் புதியவர்.

போல்ட் பிடி வகையில் இன்னொரு வேலை உண்டு, வெளியே தெரியாது. பிடி கவ்வும் இடத்தில் கயிறு வளைந்து வளைந்து கம்பி சோர்ந்துபோகும். ஆகவே குறிப்பிட்ட ஓட்ட மணிக்கு ஒரு தடவை பிடியைத் தளர்த்தி, அடியில் மறைந்திருந்த கயிற்றைத் துடைத்து, அறுந்த கம்பி இருக்கிறதா என்று பார்த்து, பிடியை ஒரு முழம் தள்ளி, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்கி, குறித்த விசைக்கு இழுத்து வழுக்குகிறதா என்று சோதித்து, தள்ளிய திசையையும் தூரத்தையும் எழுதி வைப்பார்கள். எல்லாப் பிடியும் ஒரே திசையில் நகர வேண்டும். பழனியில் தினமும் மதியம் ஒரு மணி நேரம், மாதம் ஒரு நாள், ஆண்டுக்கு ஒரு மாதத்துக்கு மேல் என்று நிறுத்துவதைப் பார்த்துப் "பாதி நாள் ஓடுவதில்லை" என்று அலுத்துக்கொள்கிறோம். நிறுத்தாமல் ஓடினால்தான் பயப்பட வேண்டும்.

2021 மே மாதம் இத்தாலியின் மோட்டரோனேயில் 14 பேர் இறந்த விபத்தைச் சொன்னால் புரியும். அது மேலே சொன்ன மூன்றாவது வகை. இழுவைக் கயிறு பெட்டியோடு சேரும் முனையில் அறுந்தது. அறுந்தாலும் பெட்டியின் அவசர பிரேக் தண்டவாளக் கயிற்றைக் கவ்வி நின்றிருக்க வேண்டும். பிரேக் அடிக்கடி தானாக விழுந்து தொல்லை கொடுத்ததால் அது மூடாதபடி இரும்புக் கவட்டையைச் செருகி வைத்திருந்தார்கள். பெட்டி சரிவில் பின்னோக்கி ஓடி விழுந்தது. கயிறு அறுந்ததோடு முடிந்திருக்க வேண்டிய சம்பவம் அது.

காற்றில் என்ன நடக்கிறது? பெட்டி ஆடுவதைப் பார்த்துப் பயப்படுகிறோம். பொறியாளரின் பயம் வேறு. குறுக்குக் காற்று கயிற்றை உருளையின் பள்ளத்திலிருந்து பக்கவாட்டில் தள்ளிவிடும். பள்ளத்தின் ரப்பர் லைனர் தேய்ந்திருந்தாலோ, உருளை வரிசை சில மில்லிமீட்டர் கோணி நின்றாலோ காற்று செய்யும் வேலை எளிது. கயிறு தடம் மாறினால் கீழே விழாமல் தாங்க ஒரு கொக்கி இருக்கும். கூடவே அங்கே ஒரு மெல்லிய தண்டு, கயிறு பட்டதும் ஒடியும். அதில் ஓடும் மின்சுற்று அறுந்து லைன் உடனே நிற்கும். அதன்பிறகு அன்றைக்கு ஓட்டம் இல்லை. கயிற்றை ஜாக்கி வைத்துத் தூக்கிப் பள்ளத்தில் வைத்து, லைனரைப் பார்த்து, புதுத் தண்டு போட வேண்டும். ஒற்றைக் கயிறு வகையை மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வீச்சு வந்தால் நிறுத்திவிடுவார்கள். அதற்கு முன்பே வேகத்தைக் குறைப்பார்கள். காற்றுமானியை ஆபரேட்டர் அறைக் கூரையில் வைத்திருந்தால் அது அலங்காரப் பொருள். மலைமுகட்டின் விளிம்பில், காற்று மிகுதியாக வீசும் டவரின் உச்சியில் இருக்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் ஆடிக்காற்று ஒரு பக்கம், சித்திரை வைகாசிக் கோடை மழையோடு வரும் சூறைக்காற்றும் இடியும் இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் மோசம். ஆடிக்காற்று நாள் முழுக்கத் தெரிந்தே அடிக்கும். கோடை இடி மதியம் மூன்று மணிவரை சுட்டெரித்துவிட்டுப் பத்து நிமிடத்தில் வந்து நிற்கும். மின்னல் டவரில் விழுந்தால் பெட்டிக்குள் இருப்பவர்களைவிடக் கட்டுப்பாட்டு அறையின் மின்னணு அட்டைகளுக்கே அதிக ஆபத்து. அவை கருகினால் லைன் நின்ற இடத்தில் நிற்கும், ஆட்கள் மழையில் தொங்குவார்கள். இங்கே தூரம் முக்கியம். 500 மீட்டர் பாதையை மூன்று நிமிடத்தில் காலி செய்யலாம். 2.5 கிலோமீட்டரைக் காலி செய்ய எட்டரை நிமிடம், மோட்டார் போய் டீசல் துணை இயந்திரத்தில் நொடிக்கு ஒரு மீட்டராக இழுத்தால் 42 நிமிடம். ஆகவே நீண்ட லைனில் இடி கேட்டபின் முடிவெடுக்கக் கூடாது. தூரத்து மின்னலைக் கருவி காட்டும்போதே ஏற்றுவதை நிறுத்திவிட வேண்டும். கீழே வரிசையில் நிற்பவர்கள் சத்தம் போடுவார்கள், வெயில் அடிக்கும்போது ஏன் நிறுத்துகிறீர்கள் என்று.

டீசல் பற்றி ஒன்று. ஜெனரேட்டர் இருக்கிறது, கரண்டு போனாலும் ஓட்டுவோம் என்பார்கள். கரண்டு போனால் சரி. மோட்டாரோ கியர்பாக்ஸோ போனால் ஜெனரேட்டர் என்ன செய்யும்? பெரிய சக்கரத்தையே நேரடியாகத் திருப்பும் தனித் துணை இயக்கி வேண்டும், அதை வாரம் ஒரு தடவை உண்மையிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். சும்மா ஸ்டார்ட் செய்து அணைப்பது சோதனை ஆகாது.

அதுவும் முடியாதபோது ஆட்களைக் கயிறு கட்டி இறக்க வேண்டும். மீட்பாளர் டவரிலிருந்து கயிற்றின்மேல் சறுக்கிப் பெட்டிக்கு வந்து, கதவை வெளியிலிருந்து திறந்து, ஒவ்வொருவராக இருக்கைப் பட்டையில் கட்டிக் கீழே விடுவார். எட்டுப் பேர் பெட்டிக்கு அரைமணி நேரம் என்று வைத்தால் 18 பெட்டிக்கு ஒரே குழு ஒன்பது மணி நேரம் எடுக்கும். மூன்று மணி நேரத்தில் முடிக்க மூன்று குழு வேண்டும். ஜார்க்கண்டில் திரிகூட மலையில் 2022 ஏப்ரலில் லைன் நின்றபோது ஹெலிகாப்டர் வந்து மீட்டுமுடிக்க இரண்டு நாளாயிற்று, மூன்று பேர் இறந்தார்கள், அதில் இருவர் மீட்கும்போதே விழுந்தவர்கள். வத்தல்மலைச் சரிவில் இறக்கிவிட்டாலும் ஆள் முள்ளிலும் பாறையிலும்தான் நிற்பார். ஒவ்வொரு டவருக்கும் நடந்துபோக ஒற்றையடிப் பாதை வெட்டி ஆண்டுதோறும் செதுக்கி வைக்க வேண்டும். அந்தப் பாதைக்கும் சேர்த்துத்தான் வனத்துறையிடம் கேட்க வேண்டும், பிறகு கேட்டால் கிடைக்காது. மீட்புக் குழுவில் மலை ஊர் இளைஞர்களைப் பயிற்றுவித்து மாதச் சம்பளத்தில் வைப்பதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. தர்மபுரியிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேரும் நேரத்துக்குள் அவர்கள் முதல் டவரில் ஏறியிருப்பார்கள்.

பயணிக்கு: லைன் நின்றால் பத்தில் ஒன்பது தடவை, யாரோ கீழே கதவருகில் தடுமாறினார், ஊழியர் அவசரப் பொத்தானை அழுத்தினார், அவ்வளவுதான். ஒன்றிரண்டு நிமிடத்தில் கிளம்பும். கதவைத் தொடாதீர்கள், எழுந்து ஒரே பக்கமாகச் சாயாதீர்கள்.

தீர்த்தமலைக்கு ரோப்கார் கேட்டு மனு கொடுப்பதாக இருந்தால் அதில் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். ஒன்று, ஆண்டுப் பராமரிப்பை ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாளே தொடங்க வேண்டும். ஆடிக்காற்று மிச்சமிருப்பதால் எப்படியும் அடிக்கடி நிறுத்த வேண்டிய நாட்கள் அவை, கூட்டமும் குறைந்திருக்கும். இரண்டு, டெண்டருக்கு முன்னால் மேல் ஸ்டேஷன் வரப்போகும் இடத்தில் ஒரு கம்பம் நட்டுக் காற்றுமானி வைத்து ஓராண்டு அளந்து பார்க்க வேண்டும். ஆண்டில் எத்தனை மணி நேரம் ரோப்கார் நிற்கும் என்பது அப்போதுதான் தெரியும், கட்டணமும் வருமானமும் அந்த எண்ணை வைத்தே போட வேண்டும்.